நேற்றே வந்திருக்க வேண்டிய ஜான்

ஊமத்தங்குளத்துக்கு இழைக்கப்பட்ட அநீதிகளை வரிசை மாறாமல் சொல்ல வேண்டும். வரிசை மாறினால் பேருந்து நிறுத்தப் போராட்டக் குழுவின் செயலாளர் தவசிக்கு மனசு கேட்காது. முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லிவிடுவார்.

முதல் அநீதி, தார்ச்சாலை. அளவெடுக்க வந்தவர் சங்கிலியை இழுத்தபடியே, "எல்லாரும் கொஞ்சம் ஒதுங்குங்க" என்றார். ஊரார் சொல்பேச்சு கேட்கிறவர்கள். ஆடு மாடு, சட்டி பானை, தொட்டில் பிள்ளைகள் உட்பட ஊரையே காலி செய்துகொண்டு குளத்துக்கு அந்தப் பக்கம் போய் ஒதுங்கினார்கள். அளவெடுத்தவர் நிமிர்ந்து பார்த்தார். ஒரு குஞ்சு குருமானைக் காணோம். ஆள் குடியில்லாத இடம் என்று எழுதிக்கொண்டு, சாலையை வயக்காட்டுக்கு வெளியே ஒதுக்கிப் போட்டுவிட்டார்.

இரண்டாவது, அந்தச் சாலையில் வந்த பஸ். வந்தது, நிற்கவில்லை. கை காட்டினால்தான் நிற்கும் என்று யாரோ சொன்னார்கள். மறுநாள் ஊர் முழுக்கச் சாலையோரம் வரிசையாக நின்று, உள்ளங்கை தெரியும்படி கையை விரித்துக் காட்டியது. டிரைவர் வழியனுப்புகிறார்கள் என்று நினைத்து, தானும் கையை ஆட்டிவிட்டுப் போனார். நல்ல மரியாதை தெரிந்த மனுஷன் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

மூன்றாவது, போர்டு. போர்டு இல்லாத இடத்தில் பஸ் நிற்காது என்றார்கள். சரி, வைத்துவிடுவோம் என்று பலகை அறுத்து வெள்ளை பூசியாயிற்று. என்ன எழுதுவது என்பதில்தான் தகராறு. அரசாங்க விவகாரத்தில் பொய் எழுதினால் கேஸ் ஆகிவிடும் என்று பொருளாளர் மொக்கராசு பயந்தான். எனவே உள்ளதை உள்ளபடி, 'இங்கே பஸ் நிற்காது' என்று கொட்டை எழுத்தில் எழுதி நட்டார்கள். அதன் பிறகும் பஸ் நிற்கவில்லை. போர்டு பொய் சொன்னதாக இன்றுவரை யாரும் குற்றம் சொன்னதும் இல்லை.

நான்காவதைச் சொல்லும்போது தவசியின் குரல் கொஞ்சம் இறங்கும். சாலையோரப் பூவரச மரத்தடியில் அவர் சம்மணம் போட்டு உண்ணாவிரதம் உட்கார்ந்தார். பஸ் பயணிகள் பார்த்து நியாயம் கேட்பார்கள் என்பது திட்டம். பஸ் நின்றால்தானே பார்ப்பார்கள்? உட்கார்ந்த உட்காரலில் அவருடைய வலது முழங்கால் பிடித்துக்கொண்டது. போராட்டம் முடிந்து எழுந்த பிறகும் கால் எழவில்லை. அன்றிலிருந்து டவுனுக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம், அடுத்த நிறுத்தமான புளியரை விலக்கில் இறங்கி, கட்டாந்தரையில் அந்தக் காலை இழுத்து இழுத்து ஊர் வந்து சேர்கிறார். நிறுத்தம் கேட்டுப் போன கால், நிறுத்தம் வந்தால்தான் ஆறும் என்பது அவர் நம்பிக்கை. வைத்தியர் சொன்னது வேறு. வைத்தியர் குழுவில் உறுப்பினர் இல்லை.

ஐந்தாவது, டவுனில் நடந்த விசாரணை. தவசி ஒரு மணிநேரம் செந்தமிழில் முழங்கினார். எதிரே இருந்த அதிகாரிகள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு இங்கிலீஷில் பேசினார்கள். ஷுட் ஹேவ் என்றார் ஒருவர். குட் ஹேவ் என்றார் மற்றவர். பிறகு தமிழுக்கு மாறி, அடுத்த விசாரணை உங்கள் ஊரிலேயே நடக்கும், அதுதான் கடைசி, அதோடு ஃபைலை மூடிவிடுவோம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

தவசி அன்று நடந்துவரும் வழியெல்லாம் அந்த இரண்டு வார்த்தைகளையும் வாய்க்குள் போட்டு மென்றுகொண்டே வந்தார். ஊரைத் தோற்கடித்தவை அவைதான் என்பது அவருக்குத் தெளிவாகிவிட்டது. எதிரியின் ஆயுதத்தைப் பறித்தாக வேண்டும். ஊருக்குள் நுழைந்ததும் குழுவைக் கூட்டி, கடைசி விசாரணைக்குள் இங்கிலீஷ் கற்பது என்று அறிவித்தார்.

இங்கே ஊமத்தங்குளத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தவசி பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவரல்ல. கூட்டங்களில் விநியோகிக்கும் துண்டுப் பிரசுரங்களைப் பொறுக்கிப் படித்துப் படித்து அறிவு வளர்த்தவர். அவற்றில் ஒன்றில், மக்கள் மன்றத்தின் தீர்மானத்தை மாற்ற மன்னாதி மன்னனாலும் ஆகாது என்று போட்டிருந்தது. அதை அவர் ஊருக்குச் சட்டமாக்கினார். கூட்டத்தில் யார் எதைச் சொன்னாலும் ஒருவர் முன்மொழிய வேண்டும், ஒருவர் வழிமொழிய வேண்டும், கையைத் தூக்கி நிறைவேற்ற வேண்டும். நிறைவேறிவிட்டால் அது உண்மை. ஒருமுறை வெள்ளிக்கிழமை மழை பெய்யும் என்று நிறைவேற்றினார்கள். பெய்யவில்லை. சனிக்கிழமை கூடி மழையைக் கண்டித்தார்களே ஒழிய, தீர்மானத்தைத் தொடவில்லை.

இங்கிலீஷ் சொல்லித்தர டவுனிலிருந்து அருள்தாஸ் என்கிற டுடோரியல் வாத்தியார் சைக்கிளில் வந்தார். ரேஷன் கடை வராந்தாவில் வகுப்பு. வெகுளி மனுஷன். உங்களுக்கு எந்தப் பாடத்தில் ஆரம்பிக்கட்டும் என்று கேட்டார்.

"ஆரம்பமெல்லாம் வேண்டாம் சார். அந்த ஷுட் ஹேவ், குட் ஹேவ் மட்டும் போதும்" என்றார் தவசி.

அருள்தாஸ் விளக்கினார். நடந்திருக்க வேண்டும், ஆனால் நடக்கவில்லை. செய்திருக்கலாம், ஆனால் செய்யவில்லை. காலம் கடந்துபோனது, இனி ஒன்றும் பண்ணுவதற்கில்லை. அப்படிப்பட்ட காரியங்களைச் சொல்வதற்கு இங்கிலீஷில் இருக்கிற ஏற்பாடு அது.

தவசி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அது எங்க ஊர் வரலாறுல்லா சார்" என்றார்.

வாத்தியார் முதல் வாக்கியத்தை எழுதினார். ஜான் ஷுட் ஹேவ் கம் எஸ்டர்டே. ஜான் நேற்றே வந்திருக்க வேண்டும். எங்கே, எல்லாரும் சேர்ந்து சொல்லுங்கள் என்றார்.

சேர்ந்து சொல்வதென்றால் ஊமத்தங்குளத்தில் ஒரே வழிதான். தவசி எழுந்து முன்மொழிந்தார். துணைத்தலைவி குருவம்மா வழிமொழிந்தாள். எல்லாக் கையும் மேலே போனது. ஜான் நேற்றே வந்திருக்க வேண்டும் என்பது ஏகமனதாக நிறைவேறியது.

வாத்தியார் போன பிறகு யாரும் வீட்டுக்குப் போகவில்லை. ஊருக்கு வரவேண்டிய ஒரு ஆள் நேற்றே வந்து சேரவில்லை என்றால் எப்படித் தூக்கம் வரும்? குருவம்மாவுக்கு மட்டும் சின்ன ஆறுதல். நேற்று அவள் வீட்டில் பழைய சோறு. நல்லவேளை வரவில்லை என்றாள். யாருக்கு விருந்தாளி என்ற கேள்வி வந்தது. வாத்தியாருக்குத் தெரிந்தவர் என்றான் மொக்கராசு. வாத்தியாருக்குத் தெரிந்தவர் என்றால் ஊருக்கே விருந்தாளிதான் என்று முடிவாயிற்று.

மறுநாள் இரண்டாவது வாக்கியம். ஜான் குட் ஹேவ் டேக்கன் தி பஸ். ஜான் பஸ்ஸில் வந்திருக்கலாம்.

தவசி மெல்ல எழுந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பஸ்ஸுலதான் வந்திருக்காரு" என்றார். "வந்து, நம்ம ஊரப் பாத்திருக்காரு. எறங்கணும்னு எந்திரிச்சிருக்காரு. பஸ் நிக்கலை."

குருவம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அருள்தாஸ், உச்சரிப்பு நன்றாக இருந்தது என்று பாராட்டினார். யார் எதை உச்சரித்தார்கள் என்று யாருக்கும் விளங்கவில்லை.

மூன்றாம் நாள், ஜான் மஸ்ட் ஹேவ் லாஸ்ட் ஹிஸ் வே. ஜான் வழி தவறிப் போயிருக்க வேண்டும். வாத்தியார் எழுதிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது வராந்தாவில் செருப்புகள் மட்டும் இருந்தன. தீர்மானம் நிறைவேறிய கையோடு ஊர் தேடுதல் வேட்டைக்குக் கிளம்பிவிட்டது. நாலு திசையும் போங்கள், ஆளைப் பார்த்தால் விடாதீர்கள் என்று தவசி ஆணையிட்டிருந்தார். யார் எந்தத் திசை என்று அவர் பிரித்துச் சொல்லாததால், எல்லாரும் சேர்ந்து கிழக்கே போனார்கள். கிழக்கு முடிந்ததும் திரும்பி வந்து, எல்லாரும் சேர்ந்து மேற்கே போனார்கள்.

மேற்கேதான் புளியரை விலக்கு. அங்கிருந்து ஒரு மனிதர் கையில் பெட்டியும் எண்ணெய்க் குப்பியுமாக வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்துகொண்டிருந்தார். தையல் மெஷின் பழுது பார்க்கிறவர். குருவம்மாவின் மெஷின் ஓடாமல் கிடந்து பல மாதம் ஆகிறது. பஸ் நிற்காத ஊருக்கு எவன் வருவான் என்று டவுனில் எல்லாரும் மறுத்துவிட, இவர் ஒருவர்தான் இரக்கப்பட்டு வந்தார். வந்தவரை வளைத்துப் பிடித்துத் தவசி முன்னால் நிறுத்தினார்கள்.

"ஒங்க பேரு என்ன?"

"ஜான்" என்றார் அவர்.

கூட்டம் சலசலத்தது. மொக்கராசு கையெடுத்துக் கும்பிட்டான். தவசி கையமர்த்தினார். இப்படிப்பட்ட நேரத்தில்தான் தலைமைக்கு நிதானம் வேண்டும்.

"மொக்கராசு, அவசரப்படாத. நம்ம தீர்மானம் என்ன சொல்லுது?"

"ஜான் வந்திருக்கணும்னு சொல்லுது, அண்ணாச்சி."

"வந்தாரா?"

"வரலை."

"அப்ப ஜான்னா யாரு?"

மொக்கராசு யோசித்தான். "வராதவரு."

"இவரு?"

"வந்திருக்காரு."

"பெறவு இவரு எப்படிவே ஜானாக முடியும்?"

அந்த மனிதர் தன் பெயர் ஜான்தான், ஞானஸ்நானம் எடுத்த நாளிலிருந்தே ஜான்தான் என்று சத்தியம் பண்ணினார். இருக்கலாம், ஆனால் நாங்கள் தேடுகிற ஜான் இங்கே இல்லாதவர், நீங்கள் இங்கே இருக்கிறீர்கள், அதற்கு நாங்கள் என்ன செய்ய முடியும் என்று தவசி பொறுமையாகவே விளக்கினார். இருந்தாலும் ஆளைப் பார்த்தால் விடாதீர்கள் என்று உத்தரவு இருந்ததால் அவரை விடவும் முடியவில்லை. மெஷினைத் தொடவிடாமல், வடக்கு, தெற்கு இரண்டு திசைக்கும் கூடவே கூட்டிக்கொண்டு போனார்கள். அவரும் கூட்டத்தோடு சேர்ந்து, "ஜானே, ஜானே" என்று கூப்பிட்டபடி நடந்தார். அந்தி சாயும் நேரத்தில் தவசி மனமிரங்கி உத்தரவை ரத்து செய்ததும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு விலக்குவரை ஓடினார். குருவம்மாவின் மெஷின் அப்படியே கிடந்தது.

அடுத்த வகுப்பில் அருள்தாஸ் எழுதிய நாலாவது வாக்கியம், ஜான் மைட் ஹேவ் டைட். ஜான் இறந்துபோயிருக்கலாம்.

தவசி முன்மொழிந்தார். குருவம்மா தேம்பிக்கொண்டே வழிமொழிந்தாள். மொக்கராசு ஒரு சந்தேகம் கேட்டான். இறந்துபோயிருக்கலாம் என்றால், இறக்காமலும் இருந்திருக்கலாமா?

ஆமாம், பாதிக்குப் பாதி என்றார் வாத்தியார், கரும்பலகையைத் துடைத்தபடி.

இந்தச் சொல்தான் ஊரைப் பெரிய சிக்கலில் மாட்டிவிட்டது. முழுதாக இறந்தவருக்கு என்ன செய்ய வேண்டுமென்று எல்லா ஊருக்கும் தெரியும். பாதி இறந்தவருக்கு? நெடுநேரம் வாதாடினார்கள். செய்யாமல் விட்டால் இறந்த பாதிக்குத் துரோகம். செய்தால் உயிரோடு இருக்கிற பாதிக்கு அவமானம். பாதிக்குப் பாதி செய்வது என்று தீர்மானமாயிற்று.

ஆண்கள் எல்லாரும் தலையில் பாதியை மழித்துக்கொண்டார்கள். வலது பாதியா, இடது பாதியா என்று தீர்மானத்தில் இல்லாததால் ஆளுக்கு ஒரு பக்கம். குழுவின் கொடியை அரைக்கம்பத்தில் இறக்கி, பிறகு அதிலும் பாதி இறக்கினார்கள். போகிற ஆடு அதை மேய்ந்தது. குருவம்மா ஒப்பாரியில் கெட்டிக்காரி. ஒவ்வொரு அடியையும் பாதி பாடி நிறுத்தினாள். "பட்டணத்து ராசாவே, நீ பஸ்ஸேறி" என்று ஓங்கி இழுத்துவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டு பேசாமல் உட்கார்ந்துவிடுவாள். மிச்சம் என்ன ஆயிற்று என்று தெரியாமல் கேட்டவர்களெல்லாம் அதிகமாகவே அழுதார்கள்.

மறுநாள் சைக்கிளைவிட்டு இறங்கிய அருள்தாஸ், பாதித் தலைகள் வரிசையாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஸ்டாண்டைப் போட மறந்தார். சைக்கிள் விழுந்தது. விவரம் தெரிந்ததும் அவருக்கு வியர்த்தது. "ஐயோ, ஜான் என்பது ஆள் இல்லை, அவர் வெறும் உதாரணம்" என்றார்.

"உதாரணம்னு நாங்களும் நினைச்சோம் சார்" என்றார் தவசி. "ஊருக்கே உதாரணமா வாழ்ந்தவரு. அப்படிப்பட்டவரத்தான் எறக்கிவிடாமப் போயிருக்கு அந்த பஸ்."

அருள்தாஸ் சைக்கிளைத் தூக்கி நிறுத்தினார். தன்னையறியாமல் தலையிலடித்துக்கொண்டு, "நான் இந்த ஊருக்கு வந்திருக்கவே கூடாது" என்றார்.

வாயிலிருந்து விழ வேண்டியதுதான், தவசி முன்மொழிந்துவிட்டார். நிறைவேறியும் விட்டது. வாத்தியார் வந்திருக்கக் கூடாது என்று ஆகிவிட்டபடியால் அவர் வரவில்லை. வராதவரை உட்காரச் சொல்லவும் முடியாது, வழியனுப்பவும் முடியாது. அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு போவதை யாரும் பார்க்காமல் எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பிற்பாடு சந்தையில் எதிர்ப்பட்டபோது மொக்கராசு அவரிடம் மிகவும் பணிவாக, ஐயாவுக்கு எந்த ஊர் என்று விசாரித்தான்.

வாத்தியார் வரவே இல்லையென்றால் ஜானைப் பற்றி நமக்கு யார் சொன்னது என்று குருவம்மா ஒருநாள் கேட்டாள். நல்ல கேள்விதான். தவசி அரை நாழிகை யோசித்துவிட்டு, தீர்மானம் சொன்னது என்றார்.

இப்படியாகக் கடைசி விசாரணையும் வந்தது. விசாரணை அதிகாரி ஒரு நடுவயதுப் பெண்மணி. ஜீப்பில் வந்தார். பகல் சாப்பாட்டுக்குள் இன்னும் இரண்டு ஊர் பார்க்க வேண்டியிருந்தது. ஆனாலும் கெட்டவரல்ல. இங்கிலீஷில் ஒரு வார்த்தை பேசவில்லை. ஊராருக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம். பூவரச மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர் பாதித் தலைகளைக் கண்டார். ஏதோ குலதெய்வ வேண்டுதல் என்று எண்ணிக்கொண்டு, மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார்.

"பஸ் நிற்காததால பாதிக்கப்பட்டவங்க யாராவது இருந்தா பேர் சொல்லுங்க" என்றார். "பாதிக்கப்பட்டவங்க பேரிலதான் நான் உத்தரவு போட முடியும். அது விதி."

கூட்டம் தவசியைப் பார்த்தது. தவசி தம் வலது காலைச் சிரமப்பட்டு நீட்டி, ஓர் அடி முன்னால் வந்தார். அந்தக் காலைப் பார்த்தபிறகு விசாரணையே தேவையில்லை என்று அதிகாரிக்குத் தோன்றியிருக்க வேண்டும். பேனாவை எடுத்துவிட்டார்.

"ஜான்" என்றார் தவசி.

"உங்க பேர் ஜானா?"

"நான் செயலாளர். பாதிக்கப்பட்டவர் ஜான்."

அதிகாரி அந்தக் காலையே பார்த்தார். "உங்களுக்கு ஏதும் பாதிப்பு இல்லையா?"

தவசிக்கு முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. அன்று காலையில்கூட விலக்கிலிருந்து நடந்துதான் வந்திருந்தார். ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஆனால் எத்தனையோ வருஷமாகப் படித்த பிரசுரங்களெல்லாம் அவருக்குள் எழுந்து நின்றன. நெஞ்சை நிமிர்த்தினார்.

"போராளி தனக்காகக் கேக்கமாட்டான், அம்மா. குழுவில எவனும் தனக்காகக் கேக்கமாட்டான். எழுதிக்கோங்க."

பொதி சுமந்து தோள் காய்த்தவர்கள், தக்காளிக் கூடையை விலக்குவரை தூக்கிப் போய்ப் பாதியை நசுக்கியவர்கள், ஓடாத மெஷினுக்குச் சொந்தக்காரி, எல்லாரும் பெருமையாகத் தலையாட்டினார்கள். ஒருவரும் தம் பெயரைச் சொல்லவில்லை.

சரி, அந்த ஜானை ஆஜர்படுத்துங்கள் என்றார் அதிகாரி. அவரோடு ஜீப்பில் வந்திருந்த டவாலி போட்ட சேவகர் எழுந்து, சாட்சிகள் முன்னிலையில் ஜானின் பெயரை மூன்று முறை உரக்கக் கூப்பிட்டார். குளத்தங்கரை நாரை ஒன்று பறந்தது. வேறு பதில் இல்லை.

"கூப்பிட்டும் ஆள் வரலையே" என்றார் அதிகாரி.

மொக்கராசு பவ்யமாக வாயைப் பொத்திக்கொண்டு ஒரு விஷயம் சொல்லலாமா என்று கேட்டான். "வந்திருப்பாரும்மா. பஸ்தான் நிக்கலையே."

அதிகாரி பேனாவைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அந்தச் சொல்லை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். எங்கேயும் ஓட்டை இல்லை. பஸ் நிற்காமல் ஆள் வர முடியாது. ஆள் வராமல் பஸ்ஸை நிறுத்த முடியாது. ஜீப் டிரைவர் மணியைப் பார்த்தான். அதிகாரி மடமடவென்று உத்தரவை எழுதி, எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தார்.

பாதிக்கப்பட்ட ஜான் இறங்குவதற்காகப் பஸ் தினமும் ஊமத்தங்குளத்தில் ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். கண்டக்டர் ஜானின் பெயரை வாசிக்க வேண்டும். ஜான் எழுந்து வந்து, இவர்தான் என்று ஊர்ச் சாட்சிகள் இருவர் சொல்லி, அவர் தரையில் கால் வைத்துவிட்டால், அன்று முதல் இது எல்லாரும் ஏறி இறங்கும் நிரந்தர நிறுத்தமாகும். அதுவரை ஜானைத் தவிர வேறு யாரும் ஏறவோ இறங்கவோ கூடாது.

சாட்சிகளாகத் தவசியும் மொக்கராசும் நியமிக்கப்பட்டார்கள். ஊர் குலவையிட்டது. தவசி முழங்காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அது ஆறிவிட்டதுபோலத்தான் இருந்தது.

பஸ் நிற்கப்போகிற முதல் நாள். ஜானைப் பஸ்ஸுக்குள்ளேயே அடையாளம் சொல்ல வேண்டுமென்று சாட்சிகள் இருவரும் புத்தாடை உடுத்தி, விலக்குவரை நடந்துபோய் பஸ் ஏறி, டவுனுக்குப் போய், அங்கிருந்து திரும்பும் பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்து வந்தார்கள். சாலையோரத்தில் குருவம்மா தலைமையில் ஊர் கூடியிருந்தது. கையில் மாலை, பாதி கட்டியது. போர்டைக்கூடத் திருத்தி, 'இங்கே பஸ் நிற்காது' என்பதற்குக் கீழே 'ஜானுக்கு நிற்கும்' என்று சேர்த்திருந்தார்கள்.

பஸ் நின்றது.

உண்மையிலேயே நின்றது. தூசி அடங்கியது. படிக்கட்டுக்குக் கீழே ஊமத்தங்குளத்து மண் கிடந்தது. தவசிக்குக் கண்ணை மறைத்தது. எட்டிக் காலை வைத்தால் வீடு. ஆனால் அவர் அசையவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வர வேண்டியதுதான். முன்னெல்லாம் நிற்காமல் போன பஸ் இப்போது நின்றுவிட்டுப் போகப் போகிறது, எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று மொக்கராசு பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

கண்டக்டர் தாளைப் பிரித்து, "ஜான்" என்று வாசித்தார்.

பின்சீட்டிலிருந்து ஒருவர் எழுந்தார். கையில் பெட்டி, எண்ணெய்க் குப்பி. போன தடவை பட்ட பாட்டுக்கு இந்தப் பக்கமே வருவதில்லை என்றிருந்தவர், பஸ் நிற்கிறதாமே என்று கேள்விப்பட்டு, பாவம் அந்த அம்மாவின் மெஷினைச் சரிசெய்துவிடலாம் என்று மறுபடியும் வந்துவிட்டார்.

"நான்தாங்க ஜான்" என்று படிக்கட்டுக்கு வந்தார்.

பஸ் முழுக்க அவரையே பார்த்தது. வெளியே ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவர் ஒரு காலைத் தூக்கி அந்தரத்தில் வைத்திருந்தார். கண்டக்டர் விதிப்படி சாட்சிகள் பக்கம் திரும்பினார்.

"இவர்தானா, சொல்லுங்க. ஆமான்னா இறக்கிவிட்டுடறேன். நாளையிலிருந்து நீங்களும் இங்கேயே இறங்கிக்கலாம்."

தவசியும் மொக்கராசும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தவசி எழுந்தார். முழங்கால் மளுக்கென்றது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, அந்த மனிதரை உச்சி முதல் பாதம்வரை பார்த்தார்.

"நல்ல மனுசன்தான்" என்றார். "ஆனா இவரு வந்திருக்காரே."

"வழிமொழியுதேன்" என்றான் மொக்கராசு.

கண்டக்டர் அந்த மனிதரைத் தோளைப் பிடித்து மறுபடி சீட்டில் உட்கார வைத்தார். தாளை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு தொண்டையைக் கனைத்தார். சாட்சிகள் இருவரும் கையைக் கட்டிக்கொண்டு காதைத் தீட்டி நின்றார்கள்.

"ஜான்" என்று வாசித்தார்.